கொசுறு குறையும் காலம்



மாதுங்காச் சந்தையிலோ கரோல் பாக் தெருவண்டியிலோ காய்கறி வாங்கி முடித்த பின்பு நாம் உடனே நகர்ந்துவிடுவதில்லை. ஒரு கணம் நிற்கிறோம். கடைக்காரர் நம் முகத்தை நோக்குகிறார். ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் நான்கு பச்சை மிளகாயும் எடுத்துப் பையில் போடுகிறார். அதற்கு விலை இல்லை. கணக்கிலும் அது ஏறுவதில்லை. அதனைக் கொசுறு என்கிறோம். மொழி தெரியாத ஊரில் குடியேறிய முதல் மாதத்தில் நமக்குக் கிட்டாத அக்கொசுறு, ஆறு மாதம் கழித்து ஒரு நாள் கேளாமலே பையில் விழும்போது, இவ்வூர் நம்மை அறிந்துகொண்டது என்ற நிறைவு உள்ளத்தில் எழுகிறது. கறிவேப்பிலையின் மதிப்பு மிகச் சிறிது. அறிமுகத்தின் மதிப்போ பெரிது.

அதே கடைக்காரர் ஒரு நாள் கறிவேப்பிலைக்குத் தனியே ஐந்து ரூபாய் கேட்டால் என்ன ஆகும்? ஐந்து ரூபாய் நம்மை ஏழையாக்கிவிடாது. எனினும் வீடு திரும்பும் வழியெல்லாம் மனம் அதனையே அசைபோடும். அடுத்த வாரம் வேறு கடையை நாடலாமா என்றும் எண்ணும். உலகின் பெரிய கேளிக்கைப் பூங்காக்கள் சிலவற்றில் அண்மைக் காலத்தில் நடந்துவருவது, பெரும் அளவில் இந்தக் கறிவேப்பிலைப் பூசலே. வாடிக்கையாக வருவோருக்கு அளித்துவந்த சலுகைகள் ஏன் சுருங்கின, சுருங்கியதால் யாருக்கு என்ன நேர்ந்தது என்பதை இங்குச் சற்று ஆராய்வோம்.

தில்லியில் நெடுங்காலம் வாழ்ந்த நேயர்கள், 1984-இல் திறக்கப்பட்டு 2008-இல் மூடப்பட்ட அப்பு கர் பூங்காவை மறந்திருக்க மாட்டார்கள். மும்பையில் இருந்தோர் 1989 முதல் படகேறி எஸ்ஸெல் வேர்ல்டுக்குச் சென்றனர். பெங்களூரில் வாழ்வோருக்கு 2005 முதல் வொண்டர்லா இருக்கிறது. இவையெல்லாம் கோடை விடுமுறைக்கு ஒரு முறை, ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் இன்னொரு முறை என்ற அளவில் நாம் போய்வந்த இடங்கள். புளிசோறும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டு சென்று, வெளி உணவுக்கு அனுமதியில்லை என்று வாயிலில் அறிந்து, மரத்தடியில் அமர்ந்து அவசர அவசரமாக உண்டு முடித்து உள்ளே நுழைந்த அனுபவம் நமக்கும் உண்டு. அத்தகைய பூங்காவில் வாடிக்கையாளர் என்று ஒருவரைச் சுட்டுவது கடினம். ஒரு நாள் விருந்தாளியாகவே நாம் போனோம்; ஒரு நாள் விருந்தாளியாகவே அவர்கள் நம்மை நடத்தினர்.

கலிபோர்னியா மாநிலத்தின் அனஹைம் நகரிலுள்ள டிஸ்னிலாந்தின் கதை வேறு. 1955 ஜூலை 17 அன்று வால்ட் டிஸ்னி அதனைத் திறந்துவைத்தார். அந்நாளில் பெரியவர் ஒருவருக்கு நுழைவுக் கட்டணம் 1 டாலர். ஒவ்வொரு சவாரிக்கும் தனிக் கட்டணம். சில மாதங்களில் சவாரிச் சீட்டுகளைப் புத்தகமாகத் தைத்து விற்கத் தொடங்கினர். ஏ, பி, சி எனச் சவாரிகள் தரம் பிரிக்கப்பட்டன. 1959-இல் வந்த ஈ சீட்டு மிகச் சிறந்த சவாரிகளுக்கு உரியதாயிற்று. 1982-இல் சீட்டுப் புத்தகம் மறைந்தது. ஒரு முறை பணம் செலுத்தினால் நாள் முழுவதும் எல்லாவற்றிலும் ஏறலாம் என்ற முறை நிலைத்தது. அதே பத்தாண்டில் ஆண்டுச் சீட்டும் பரவலாயிற்று.

இந்த ஆண்டுச் சீட்டுத்தான் பூங்காவின் இயல்பையே மாற்றியது. ஒரு நாள் சீட்டு வாங்கியவர் காலை முதல் இரவு வரை ஓடுகிறார். கொடுத்த பணத்துக்குச் சவாரி எண்ணுகிறார். ஆண்டுச் சீட்டு உடையவருக்கு ஓட்டமில்லை. அலுவலகம் முடிந்து ஒரு மணி நேரம் வருவார். மாலையில் கொடியிறக்கும் நிகழ்ச்சியில் வாத்திய இசையைக் கேட்பார். ஒரு காப்பி அருந்தி வீடு திரும்புவார். முதியவர்கள் நடைப்பயிற்சிக்கு வருவார்கள். பிள்ளை பிறந்ததும் வந்தவர்கள், அப்பிள்ளை மணமுடித்துத் தன் பிள்ளையோடு வரும்போதும் வருவார்கள். நம் ஊர்களில் கடற்கரையும் கோயில் பிராகாரமும் ஆற்றும் பணியை, அந்நகரத்தாருக்கு ஒரு வணிக நிறுவனத்தின் வேலியிட்ட பூங்கா ஆற்றியது என்று சொன்னால் மிகையாகாது. கோயில் பிராகாரத்தில் உட்காரச் சீட்டு வேண்டியதில்லை என்பது மட்டுமே வேற்றுமை. அவ்வேற்றுமைதான் பின்னால் பெரிதாயிற்று.

நிறுவனம் இவர்களுக்குச் சலுகை அளித்தது அன்பினால் மட்டுமன்று. பூங்கா ஒன்றை நடத்தும் செலவில் பெரும்பகுதி, வருவோர் எண்ணிக்கையைப் பொறுத்ததன்று. ஆயிரம் பேர் வந்தாலும் ஐம்பதாயிரம் பேர் வந்தாலும் விளக்குகள் எரிய வேண்டும்; இயந்திரங்கள் சோதிக்கப்பட வேண்டும்; காவலரும் மருத்துவரும் இருக்க வேண்டும். ஆகையால் பிப்ரவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமையில் காலியாகச் சுழலும் இராட்டினம் முழு நட்டமாகும். அந்த நாளில் உள்ளூர்க்காரர் ஒருவர் மிகக் குறைந்த கட்டணத்தில் வந்து ஒரு காப்பி வாங்கினாலும் அது இலாபமே. 2001 பிப்ரவரியில் டிஸ்னிலாந்தை அடுத்துத் திறக்கப்பட்ட கலிபோர்னியா அட்வென்சர் என்ற இரண்டாம் பூங்கா எதிர்பார்த்த கூட்டத்தை ஈர்க்கவில்லை. அவ்வாண்டு செப்டம்பரில் நியூயார்க் நகரில் நிகழ்ந்த பெருந்தாக்குதலுக்குப் பின் விமானமேறி வருவோரும் குறைந்தனர். அத்தகைய நாட்களில் பூங்காவுக்குத் துணை நின்றவர்கள் அருகில் வாழ்ந்த மக்களே. மாதத் தவணையில் ஆண்டுச் சீட்டு, கடைகளில் தள்ளுபடி, வண்டி நிறுத்தச் சலுகை என்பன யாவும் வெறிச்சோடிய இருக்கைகளை நிரப்ப வைத்த தூண்டில்கள்.

தூண்டில் நன்றாக வேலை செய்தது. சிக்கலும் அங்கேயே பிறந்தது. பூங்கா நிரம்பிய பின் அதே கணக்கு தலைகீழாகிவிடுகிறது. 1,399 டாலருக்கு ஆண்டுச் சீட்டு வாங்கியவர் ஐம்பது முறை வந்தால், ஒரு வருகைக்குச் சுமார் 28 டாலர்தான் செலுத்துகிறார். அவர் நிற்கும் அதே வரிசையில், தொலைதூரத்திலிருந்து வந்த குடும்பத்தின் ஒவ்வொருவரும் நூறு டாலருக்கு மேல் கொடுத்து நிற்கின்றனர். அக்குடும்பம் உணவும் உண்ணும், பொம்மையும் வாங்கும், அறையெடுத்தும் தங்கும். இடம் இருந்தவரை வரவாகத் தோன்றிய வாடிக்கையாளர், இடம் இல்லாதபோது செலவாகத் தோன்றுகிறார். அவர் மாறவில்லை, ஏடுதான் பக்கம் மாறியது.

2022-இல் டிஸ்னி நிறுவனம் பங்குதாரர்களுக்கு அளித்த காலாண்டு விளக்கத்தில், டிஸ்னிலாந்துக்கு வருவோரின் கலவை சாதகமாக அமையவில்லை என்றொரு சொற்றொடர் இடம்பெற்றது. ஆண்டுச் சீட்டினர் மிகுதியாக வருவதையே அது குறிக்கிறது என்று பலரும் பொருள் கொண்டனர். கணக்கரின் நோக்கில் அது குற்றமற்ற வாசகம். முப்பது ஆண்டுகளாக வந்துகொண்டிருந்தவர் நோக்கிலோ, வீட்டுக்கு வந்த விருந்தினரைத் தானிய மூட்டையைப்போல எடை பார்த்த வாசகம். பூங்காவின் விசிறிகள் பலர் அச்சொல்லையே கேலியாகத் தமக்குச் சூட்டிக்கொண்டனர். அதற்கு முந்திய ஆண்டில், விலைவாசி உயர்வைச் சமாளிக்கப் பரிமாறும் உணவின் அளவைக் குறைக்கலாம், அது சிலருடைய இடுப்புச் சுற்றளவுக்கும் நல்லதே என்னும் கருத்துப்பட அந்நிறுவனத்தின் நிதித் தலைவர் பேசியிருந்தார். கொசுறு கேட்டவருக்கு உண்ணாநோன்பின் நன்மையை எடுத்துரைத்தாற்போல் இருந்தது அது.

குறைந்தவை எவை? புளோரிடா மாநிலத்தில் ஆர்லாண்டோ நகருக்கு அருகிலுள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டில், நிறுவனத்தின் விடுதிகளில் தங்குவோரை விமான நிலையத்திலிருந்து கட்டணமின்றி அழைத்துவரும் பேருந்து 2005 முதல் ஓடியது. 2022 தொடக்கத்தில் அது நின்றது. விடுதியில் தங்குவோருக்கு இலவசமாக அளித்துவந்த கைப்பட்டை 2021 முதல் விலைப்பொருளாயிற்று. விடுதி விருந்தினருக்காகச் சில நாட்களில் மணிக்கணக்கில் கூடுதலாகப் பூங்காவைத் திறந்துவைத்த வழக்கம் போய், நாள்தோறும் அரைமணி நேரம் முன்னதாக உள்ளே விடும் வழக்கம் வந்தது. இவை ஒவ்வொன்றும் கறிவேப்பிலைக் கொத்தே. ஆனால் ஃபாஸ்ட் பாஸ் என்ற விரைவுச் சீட்டின் கதை அத்தகையதன்று. அதனைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

1999-இல் டிஸ்னி பூங்காக்களில் வந்த அச்சீட்டு இலவசம். சவாரியின் வாயிலிலுள்ள இயந்திரத்தில் நம் நுழைவுச் சீட்டைச் செலுத்தினால், இன்ன நேரத்துக்குத் திரும்பி வருக என்று ஒரு துண்டுச் சீட்டு கிடைக்கும். அந்நேரத்தில் வந்தால் நீண்ட வரிசையில் நில்லாமல் தனி வழியே செல்லலாம். இதனால் சவாரியில் ஓர் இருக்கைகூடக் கூடுவதில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் ஆயிரம் பேரை ஏற்றும் சவாரியில் எண்ணூறு இடங்கள் தனி வழிக்குப் போகுமானால், பொது வரிசைக்கு எஞ்சுவது இருநூறே. அவ்வரிசை ஐந்தில் ஒரு பங்கு வேகத்தில்தான் நகரும். அதாவது இச்சீட்டு நேரத்தை உண்டாக்குவதில்லை. ஒருவரிடமிருந்து எடுத்து மற்றொருவருக்குத் தருகிறது.

அப்படியானால் எடுத்ததை யாருக்குத் தந்தது? அறிந்தவருக்குத் தந்தது. எந்த இயந்திரத்தில் எப்போது சீட்டுத் தீரும், எந்தச் சவாரிக்கு முதலில் ஓட வேண்டும், அணிவகுப்பு நடக்கும்போது எந்த வரிசை குறுகும் என்பனவெல்லாம் பலமுறை வந்தவருக்கே தெரியும். முதன்முறை வந்த குடும்பம் வரைபடத்தை விரித்துத் திகைத்து நிற்கும்போது, வாடிக்கையாளர் மூன்று சவாரிகளை முடித்திருப்பார். ஆண்டுகள் பல செலவிட்டு அவர் ஈட்டிய முதல் அந்த அறிவுதான். அது எந்தச் சலுகைப் பட்டியலிலும் எழுதப்படாத சலுகை.

2020 மார்ச்சில் பெருந்தொற்றினால் பூங்காக்கள் மூடப்பட்டபோது ஃபாஸ்ட் பாஸ் நின்றது. பழைய உருவில் அது திரும்பவில்லை. 2021 அக்டோபரில் புளோரிடாவில் நாளொன்றுக்கு 15 டாலருக்கும், டிசம்பரில் கலிபோர்னியாவில் 20 டாலருக்கும் ஜீனி பிளஸ் என்ற பெயரில் அதே வசதி விற்பனைக்கு வந்தது. 2024-இல் அதன் பெயர் மாறியது. அவ்வாண்டு அக்டோபரில், டிஸ்னிலாந்தில் ஒருவருக்கு ஒரு நாளுக்கு 400 டாலர் என்ற விலையில் இன்னும் உயர்ந்த விரைவுச் சீட்டொன்றும் வந்தது. அறிவுக்குக் கிடைத்த முன்னுரிமை பணப்பைக்குக் கைமாறியது. பேருந்து நின்றதைவிட, கைப்பட்டை விலையானதைவிட, பழைய வாடிக்கையாளரை உறுத்தியது இதுவே என நாம் கருதுகிறோம். அவர் கற்றதெல்லாம் ஒரே நாளில் செல்லாக்காசாயிற்று அன்றோ!

ஆண்டுச் சீட்டுக்கும் அதே காலத்தில் முடிவு வந்தது. 2021 ஜனவரியில் டிஸ்னிலாந்து தன் ஆண்டுச் சீட்டுத் திட்டத்தையே கலைத்து, எஞ்சிய காலத்துக்குரிய பணத்தைத் திருப்பித் தந்தது. டோக்கியோவில் 1983 முதல் இயங்கும் பூங்காவும் 2020-இல் ஆண்டுச் சீட்டை நிறுத்திப் பணத்தைத் திருப்பியது. கலிபோர்னியாவில் 2021 ஆகஸ்டில் மேஜிக் கீ என்ற புதிய திட்டம் நான்கு படிகளாக வந்தது. 399 டாலரில் தொடங்கி 1,399 டாலர் வரை விலை. இனி வாடிக்கையாளர் நினைத்தவுடன் வர இயலாது. ஒவ்வொரு நாளுக்கும் முன்பதிவு செய்ய வேண்டும். மாலையில் ஒரு மணி நேரம் காலாற நடந்துவரலாம் என்றிருந்தவருக்கு அவ்வொரு விதியே போதுமானதாயிற்று. கடற்கரைக்குச் செல்ல மூன்று வாரம் முன்னதாக எழுதிக் கேட்க வேண்டும் என்றால் நம்மில் எத்தனை பேர் கடற்கரைக்குச் செல்வோம்?

பூங்காவின் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. அதனைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. வாழ்நாளில் ஒரு முறை கடன் வாங்கியாவது பிள்ளையை அழைத்துவரும் தந்தை, உள்ளூர்க்காரர் கூட்டத்தில் சிக்கி நான்கு சவாரியோடு திரும்புவது முறையா? வாரந்தோறும் வருபவருக்கு இன்று இல்லையென்றால் நாளை உண்டு. அத்தந்தைக்கு நாளை இல்லை. மேலும், கூட்டத்தைக் கட்டுப்படுத்தும் வழிகள் மூன்றே: விலை, வரிசை, முன்பதிவு. வரிசை நேரத்தைக் கேட்கிறது. விலை பணத்தைக் கேட்கிறது. முன்பதிவு முன்யோசனையைக் கேட்கிறது. மூன்றும் யாரோ ஒருவரை வெளியே நிறுத்தத்தான் செய்யும். நாம் குறை காண்பது சலுகை குறைந்ததைப் பற்றியன்று. குறைத்த முறையைப் பற்றி. இடமில்லை, ஆகவே குறைக்கிறோம் என்று சொல்லியிருக்கலாம். மாறாக, பெயரை மாற்றிப் புதிய வசதியென்று விளம்பரம் செய்து, விலையையும் ஏற்றினர்.

இத்தகைய வருத்தம் நமக்குப் புதிதன்று. ஆண்டுக்கு இரு முறை இரயிலேறிச் சொந்த ஊர் செல்லும் நேயர்கள் பலருக்கு, மூத்த குடிமக்களுக்குரிய கட்டணச் சலுகை நினைவிருக்கும். 60 வயது நிரம்பிய ஆண்களுக்கு 40 விழுக்காடும், 58 நிரம்பிய பெண்களுக்கு 50 விழுக்காடும் குறைக்கப்பட்டு வந்தது. 2020 மார்ச்சில் அது நிறுத்தப்பட்டது. இரயில் பொதுச்சேவை, பூங்கா வணிகம். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க இயலாது. எனினும், ஊருக்குப் போகும் செலவைக் கணக்கிட்டுப் பயணத்தைத் தள்ளிப்போட்ட பெரியவர் ஒருவர் நம் வீட்டில் இருந்தால், அனஹைம் முதியவரின் மனநிலை நமக்கு எளிதில் விளங்கும்.

வாடிக்கையாளரைக் குறைத்தால் இலாபம் பெருகும் என்ற கணக்கு எப்போதும் பலிப்பதுமில்லை. அமெரிக்காவில் பல நகரங்களில் பூங்காக்கள் நடத்தும் சிக்ஸ் ஃபிளாக்ஸ் நிறுவனம் இதற்குச் சான்று. அதன் பருவச் சீட்டு மலிவு. பள்ளி விடுமுறையில் இளைஞர் கூட்டம் அங்கேயே பொழுது போக்கும். பூங்கா பிள்ளைகளை விட்டுச் செல்லும் மலிவான காப்பகமாகிவிட்டது என்று அதன் தலைமை நிர்வாகி 2022-இல் குறைபட்டார். தள்ளுபடிகள் நீங்கின, விலை ஏறியது. 2021-இல் 2 கோடியே 77 இலட்சமாக இருந்த வருகை 2022-இல் 2 கோடியே 5 இலட்சமாயிற்று. வந்தவர் ஒவ்வொருவரும் முன்னைவிடக் கூடுதலாகச் செலவிட்டது உண்மையே. ஆயினும் மொத்த வருவாய் ஏறக்குறைய ஒன்பது விழுக்காடு குறைந்தது. டிஸ்னி தாங்கிக்கொண்டதை எல்லாப் பூங்காவும் தாங்கவில்லை. டிஸ்னியின் வாயிலில் ஒருவர் விலகினால் நிற்க இன்னொருவர் இருந்தார். சிக்ஸ் ஃபிளாக்ஸ் வாயிலில் அந்த இன்னொருவர் வரவில்லை.

டிஸ்னியும் முற்றிலும் செவிசாய்க்காமல் இருந்துவிடவில்லை. 2022 நவம்பரில் ராபர்ட் ஐகர் மீண்டும் தலைமைப் பொறுப்பேற்றார். 2023 ஜனவரியில், 2018 முதல் புளோரிடா விடுதிகளில் தங்குவோரிடம் பெற்றுவந்த வண்டி நிறுத்தக் கட்டணம் நீக்கப்பட்டது. அங்கு ஆண்டுச் சீட்டினர் பெரும்பாலான நாட்களில் பிற்பகல் இரண்டு மணிக்குப் பின் முன்பதிவின்றி நுழையலாம் என்ற அறிவிப்பும் வந்தது. கலிபோர்னியாவில் மிகக் குறைந்த விலையான 104 டாலரில் நுழையக்கூடிய நாட்கள் கூட்டப்பட்டன. மறுபக்கத்தில் அதே பூங்காவின் மிக உயர்ந்த ஒரு நாள் விலை 2024 அக்டோபரில் 206 டாலரை எட்டியது.

வாடிக்கையாளரில் சிலர் நீதிமன்றத்தையும் நாடினர். மேஜிக் கீ திட்டத்தின் உயர்ந்த படியான டிரீம் கீ, விலக்கு நாட்களே இல்லாதது என்று விளம்பரப்படுத்தப்பட்டது. ஆனால் முன்பதிவு செய்ய முயன்றபோது அவர்களுக்குரிய இடங்கள் தீர்ந்துவிட்டன என்றும், அதே நாளுக்கு ஒரு நாள் சீட்டுகள் மட்டும் விற்கப்பட்டுக்கொண்டிருந்தன என்றும் 2021 இறுதியில் வழக்குத் தொடரப்பட்டது. நிறுவனம் தன் மீது தவறில்லை என்றது. 2022-இல் டிரீம் கீ விலக்கப்பட்டு, 1,599 டாலர் விலையில், கிறிஸ்துமஸ் காலத்தில் நுழைய இயலாத வேறொரு சீட்டு அதன் இடத்துக்கு வந்தது. 2023-இல் 95 இலட்சம் டாலருக்கு வழக்கு சமரசமாக முடிந்தது. டிரீம் கீ வைத்திருந்தோர் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள். வழக்குச் செலவு போக ஒவ்வொருவருக்கும் வந்த பங்கு சுமார் 67 டாலர். அத்தொகையைக் கொண்டு அப்பூங்காவின் மிக மலிவான நாளில்கூட ஒரு நுழைவுச் சீட்டு வாங்க இயலாது.